மோதிரவிரலில் ஓர் ஆள்

அருளம்பலத்தின் விரலில் ரேகை இல்லை என்று முதன்முதலில் சொன்னது ஒரு மெசின். அதற்கு முன் ஐம்பத்தைந்து வருடமாக அதை ஒருவரும் சொன்னதில்லை. அவருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

சல்லிக் கடற்கரையில் கரைவலைக் கயிறு இழுத்த கை அது. பிறகு கல்லுடைத்தது, உப்பு அள்ளியது. கடைசிப் பத்தொன்பது வருடமும் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் பருப்பு மூட்டை, அரிசி மூட்டை, சீனி மூட்டை என்று தூக்கித் தூக்கியே தேய்ந்தது. அம்மியே தேய்கிற உலகத்தில் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமியின் பெருவிரல் தேயாமல் நிற்குமா?

தை மாதம் மெசின் வந்தது. ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எனச் சுவரில் பொருத்தினார்கள். எந்தக் கதவை யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார், எல்லாம் அதற்குத் தெரியுமாம். மருந்து அறைக்கு இரண்டு பேர் மட்டும். அலுவலகத்துக்குள் மூட்டைக்காரர் போக ஏலாது. களஞ்சியக் கதவு ஆறு நாட்டாமிகளுக்கு. அதில் அருளம்பலத்துக்கு ஒரு குறையும் இல்லை. திறந்த வீட்டுக்குள் நாய் நுழைவது போல ஆரும் வந்து போன காலத்தையும் அவர் கண்டவர்தான். கதவு என்றால் காவல் வேண்டும்.

அவருக்குப் பொறுக்காதது வேறொன்று. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அவர் கைநாட்டு. சம்பளத்துக்கும் கைநாட்டு, சங்கத்துக்கும் கைநாட்டு, மூத்தவளைப் பள்ளியில் சேர்க்கிற அன்றைக்கும் கைநாட்டு. அந்த நீல மை பட்ட பெருவிரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துத் துடைத்து மானம் போனவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையின் சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க இருந்து, அ என்றும் ஆ என்றும் கூட்டிப் படித்து, ஒப்பம் வைக்கிறவரானார். பதின்மூன்று வருடம் களஞ்சியத்து இடாப்பில் முழுப்பெயரும் எழுதித்தான் உள்ளே போனார். சுருக்கிக் கிறுக்க மாட்டார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தாலும் முழுப்பெயர்தான்.

இப்போது இடாப்பைத் தூக்கி அலுமாரிக்குள் போட்டுவிட்டு, "பெருவிரலை வையுங்கோ அண்ணை" என்றார்கள்.

வைத்தார். மெசினுக்குள் இருந்து ஒரு பெண் குரல், "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது.

துடைத்துவிட்டு வைத்தார்.

"மீண்டும் முயற்சிக்கவும்."

எச்சில் தொட்டு வைத்தார். தேங்காயெண்ணெய் பூசி வைத்தார். மனைவி புஷ்பவதி எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துவிட்ட விரலோடு ஒருநாள் வந்து வைத்தார். மெசினுக்குள் இருந்தவள் மசியவில்லை.

"அண்ண, அவ ஒங்கள விரும்பல்ல" என்றான் வரிசையில் பின்னால் நின்ற ஜெமீல். "வயசான மாப்பிள்ள வேணாமாம். தள்ளுங்க, நான் கேட்டுப் பாக்கன்."

அவனையும் அவள் விரும்பவில்லை. ஆறு பேரில் ஐந்து பேரின் விரல் எடுபடவில்லை. எடுபட்டது ஹஸனின் விரல் ஒன்றுதான். ஹஸன் குறிஞ்சாக்கேணிக்காரன், நாற்பது வயது. மூட்டை அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கையுறை போட்டு ஓட்டுகிறவன். அவன் கை பிள்ளைத்தாய்ச்சியின் கைபோல மெத்தென்று இருக்கும். காலையில் அவன் வைப்பான், கதவு திறக்கும், மற்ற ஐந்து பேரும் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போவார்கள்.

இந்தக் கூத்தைக் கொழும்பில் ஒருவர் அளந்துகொண்டிருக்கிறார் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. கொம்பனிக்கு நாலு ஊரில் களஞ்சியம். எந்த ஊரில் எத்தனை பேர் முறைப்படி கதவு திறக்கிறார்கள் என்று வாரத்துக்கு வாரம் நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளி போட்டு அனுப்பினார்கள். விரல் எடுபடாமல் போனால் ஒரு மீறல். இன்னொருவர் முதுகோடு போனால் இன்னொரு மீறல். மாசி மாதம் திருகோணமலைக்கு அறுபத்தொன்று. நாலிலும் கடைசி. மீறியவர்களின் பெயர்ப்பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். முதலாவது பெயர் அருளம்பலம், இருநூற்றுப் பதினாலு மீறல்.

அவர் அதைக் கூட்டி வாசித்தார். ஒருதரம் வாசித்து நம்ப முடியாமல் இரண்டாம் தரமும் வாசித்தார். இருநூற்றுப் பதினாலு தரம் வேலைக்குப் போகக் கதவைத் தட்டியவன், இருநூற்றுப் பதினாலு தரம் களவெடுக்கப் போனவன் மாதிரி அங்கே தொங்கிக்கொண்டிருந்தான்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பான மனேஜர் கிருஷாந்தன் லிங்கநகர்ப் பொடியன். முப்பத்திரண்டு வயது. கெட்டவன் என்று சொல்ல ஏலாது. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை கொழும்பிலிருந்து போன் வரும். போனை வைக்கும்போது அவன் முகம் வாடின கத்தரிக்காய் போல இருக்கும். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை ஆறு பேரையும் மெசினடிக்குக் கூப்பிட்டான்.

"ஹஸன், உங்கட பத்து விரலும் நல்லா எடுபடுதென்ன?"

"ஓம் சேர். அல்லாஹ் தந்த விரல்."

"அதில அஞ்சை எனக்குத் தாங்கோ."

ஹஸன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். கிருஷாந்தனும் சிரித்தான். பிறகுதான் விளங்கியது. ஹஸனின் வலக்கைப் பெருவிரல் ஹஸன். சுட்டுவிரலைக் கிருஷாந்தன் வேறொருவரின் பெயரில் பதிந்தான். நடுவிரலில் ஒருவர். மோதிரவிரலில் அருளம்பலம். சின்னவிரலில் ஜெமீல். இடக்கைப் பெருவிரலில் ஆறாவது ஆள். காலையில் ஹஸன் ஆறு விரலையும் வைத்தால் ஆறு பேரும் முறைப்படி உள்ளே. பின்னேரம் ஆறு விரலையும் வைத்தால் ஆறு பேரும் முறைப்படி வெளியே.

"என்னச் சின்னவிரல்லயா போட்ட?" என்று ஜெமீல் சண்டைக்கு வந்தான். "ஆறடி ஆள் நான்."

"அம்பலம் அண்ணனப் பாரு, மோதிரவிரல். மரியாதையான எடம்" என்றான் ஹஸன். "மச்சான், நீ ஒழுங்கா நடக்காட்டி ஒன்னை நான் வெட்டி எறிஞ்சிருவன்."

அருளம்பலமும் சிரித்தவர்தான். அதைப் பிறகு நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு எரிந்தது. இது பிழை என்று அன்றைக்கே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பலகையிலிருந்து பெயர் போனால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றார்.

சித்திரையில் திருகோணமலைக்குத் தொண்ணூற்றெட்டு. நாலு ஊரிலும் முதலிடம். கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் ஒன்றும் கேக் ஒன்றும் வந்தன. கிருஷாந்தன் கேக் வெட்டினான். நாட்டாமிகளுக்கு ஆளுக்கொரு துண்டும் பிளேன்டீயும் வெளியே வந்தன.

ஆனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. பருப்பில் வண்டு விழுந்ததால் களஞ்சியம் முழுக்கப் புகைமருந்து வைக்கிற நாள். மாத்திரைகளைத் தட்டில் பரப்பி வைத்துவிட்டுக் கதவையெல்லாம் இறக்கி, இடுக்குகளைப் பசைத்தாளால் ஒட்டிவிடுவார்கள். மாத்திரை காற்றுப் பட்டு மெல்ல மெல்லப் புகையும். ஐந்து நாளைக்கு உள்ளே ஈயும் உயிரோடு இராது. அதனால் ஒரு கட்டளை இருந்தது: மெசினின் திரையில் உள்ளே இருப்பவர் பூச்சியம் என்று வந்தாலொழிய ஒரு மாத்திரையும் உள்ளே போகக்கூடாது. நல்ல கட்டளை. மெசின் வந்ததிலேயே உருப்படியான கட்டளை அது ஒன்றுதான்.

பின்னேரம் மூன்றரைக்கு எல்லோரும் வெளியே வரும்படி சத்தம் கேட்டது. அருளம்பலம் கடைசி அடுக்குக்குப் பின்னால், சுவரோரம் கிழிந்துபோன ஒரு மூட்டையைக் கோணியூசியால் தைத்துக்கொண்டிருந்தார். கொட்டின பருப்பை அப்படியே விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை. இன்னும் நாலு தையல்தான். "வாறன்" என்று குரல் கொடுத்தார். காற்றாடிகளின் இரைச்சலில் அந்தக் குரல் அடுக்கைத் தாண்டியிருக்காது.

வாசலில் ஹஸன் ஆறு விரலையும் வைத்தான். மெசின் ஆறு பெயரையும் சொன்னது. திரையில் பூச்சியம் வந்தது. மருந்துக்காரர்கள் முகமூடியோடு நடுவழியால் வந்து தட்டுகளை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்கள். மூட்டை மலைக்குப் பின்னால் குந்தியிருந்த மனிதனை அவர்கள் காணவில்லை. காணத் தேவையும் இல்லை. திரைதான் சொல்லிவிட்டதே.

வெளிச்சம் சுருங்கியபோதுதான் அருளம்பலம் நிமிர்ந்து பார்த்தார். பெரிய உருட்டுக்கதவு பாதி இறங்கியிருந்தது. அவர் எழும்பி ஓடத் தொடங்க, அது முழுதாக இறங்கியது. இருட்டு. காற்றாடிகளும் நின்றன. நடுவழியில் வரிசையாக வெள்ளைத் தட்டுகள். பூண்டு அழுகினதுபோல ஒரு மெல்லிய மணம்.

"டேய்! ஹஸன்! நான் உள்ளுக்கை!"

வெளியே லொறி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உருட்டுக்கதவில் இரண்டு கையாலும் அடித்தார். பிறகு பக்கக் கதவு நினைவு வந்து, சுவரைத் தடவிக்கொண்டு அங்கே ஓடினார். அதன் பக்கத்தில் மெசினின் பச்சை வெளிச்சம் தெரிந்தது. பெருவிரலை வைத்தார்.

"மீண்டும் முயற்சிக்கவும்."

சுட்டுவிரலை வைத்தார். நடுவிரலை வைத்தார். சேட்டில் துடைத்துவிட்டு வைத்தார். நக்கிவிட்டு வைத்தார். இடக்கையை வைத்தார். தலை கனத்தது. ஒவ்வொரு தரமும் அந்தக் குரல் கோபமும் இல்லாமல் இரக்கமும் இல்லாமல், கடையில் சாமான் இல்லை என்று சொல்கிறவள் போல, மீண்டும் முயற்சிக்கவும், மீண்டும் முயற்சிக்கவும் என்றது. சேட்டைக் கழற்றி மூக்கைக் கட்டினார். இருட்டில் காலில் இடறிய தள்ளுவண்டியை எடுத்து, பத்தொன்பது வருடம் மூட்டை தள்ளிய பலம் முழுவதையும் கொடுத்துக் கதவில் மோதினார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்.

மறுபக்கத்தில் பசைத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தவனின் கையிலேயே அதிர்ந்ததாம். பேய் என்று நினைத்து முதலில் ஓடினவன், பிறகு திரும்பி வந்து திறந்தான்.

அருளம்பலம் வெளியே விழுந்து முற்றத்து மண்ணில் குப்புறக் கிடந்து, தின்றதெல்லாம் வரச் சத்தி எடுத்தார். ஹஸன் ஓடி வந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்தான்.

"நான் தலைய எண்ணல்ல அண்ண" என்று அழுதான். "வல்லாஹி, நான் விரலத்தான் எண்ணினேன். ஆறு விரல் சரியா வந்திச்சு. நான் தலைய எண்ணல்ல."

இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை கிருஷாந்தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினான். கதிரையை இழுத்துப் போட்டான். தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். இந்தக் கந்தோரில் நாட்டாமிக்குக் கதிரை தந்தால் அதன் கீழே குழி இருக்கும்.

"அண்ணை, கடவுள் காப்பாத்திப்போட்டார். இனி இதைப் பெரிசாக்கத் தேவையில்லை. கொழும்புக்கு ஒரு கடதாசி அனுப்ப வேணும். வாசிக்கிறன், கேளுங்கோ." அவன் தாளை எடுத்து வாசித்தான். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் களஞ்சியத்தில் எனக்கு ஒரு சிறு விபத்து நடந்தது. எனக்குக் காயமில்லை. கொம்பனி உடனே என்னைக் கவனித்தது. இவ்வளவுதான். இதில ஒப்பம் வையுங்கோ."

"தாங்கோ பாப்பம்."

"நான்தானே வாசிச்சனான்."

"ஓம் சேர். நானும் ஒருக்கா வாசிக்கிறன்."

அருளம்பலம் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து ஊர்ந்துகொண்டே போனார். கிருஷாந்தன் மேசையில் பேனையைத் தட்டிக்கொண்டிருந்தான். அ, னு, ம, தி, யி, ன், றி. அவர் அந்தச் சொல்லில் நின்றார். மறுபடி கூட்டினார். பிறகு சத்தமாக வாசித்தார்.

"பிற்பகல் மூன்று முப்பத்தொன்றுக்கு வெளியேறிய நான், அனுமதியின்றி மீண்டும் உட்புகுந்து, கதவைத் திறக்கப் பத்தொன்பது தடவை முறையற்ற விதத்தில் முயன்றேன்."

தாளைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை.

"உங்கட வாயில வந்தது கடதாசியில இல்லையே, சேர்."

"அண்ணை, அது மெசின் சொல்றது. நான் என்ன செய்ய?"

"பத்தொன்பது தரம் நான் என்ன செய்தனான்? சாகாமல் இருக்கிறதுக்கு முயற்சி செய்தனான். அதுக்குப் பேர் மீறலோ?"

"கத்தாதேங்கோ."

"இன்னும் கத்தத் தொடங்கேல்லைத் தம்பி." சேர் என்ற சொல் எங்கே போயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. "இது எழுதத் தெரியாதவன் எண்டு நினைச்சு எழுதின கடதாசி. இதில நான் ஒப்பம் வைக்க மாட்டன்."

கிருஷாந்தன் பேனையை மூடினான். கெட்டவனாக இருக்க அவனுக்கு இன்னும் வரவில்லை, கண் கலங்கித்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

"வைக்காட்டி விசாரணை வரும். வியாழக்கிழமை கொழும்பிலயிருந்து ஆள் வருது. விசாரணை வந்தா ஆரின்ர விரல் எண்டு கேப்பினம். ஹஸன்ர வேலை போகும். பிறகு என்ர. நல்லா யோசியுங்கோ. வைச்சீங்கள் எண்டா உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். அதுவரைக்கும் வேலைக்கு வரவேண்டாம்."

வீட்டில் அன்றைக்கு அருளம்பலம் சோற்றில் கை வைக்கவில்லை. ஒப்பம் வைத்தால் தன்னைத் தானே கொல்லப் பார்த்த மடையன் என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும், அடுத்த தரம் இன்னொருவன் உள்ளே அகப்படுவான். வைக்காவிட்டால் ஹஸனின் கழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவே ஆறு நாள். தன்னை மடியில் போட்டு அழுதவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

"வாயைத் திறந்து ஒண்டைச் சொல்லன்" என்று புஷ்பவதியிடம் எரிந்து விழுந்தார்.

"நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள் அவள் குசினிக்குள் இருந்து. "செவ்வாய்க்கிழமை அந்தக் கதவு திறபடாட்டி இண்டைக்கு நான் உங்கட செத்தவீடு முடிச்சு எட்டுச்செலவுக்கு ஆள் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பன். பிறகேன் என்னைக் கேக்கிறியள்?"

வியாழக்கிழமை வந்தவள் ஷிஃபானா என்ற உத்தியோகத்தர். நாலு ஊருக்கும் புள்ளி போடுகிறவள் அவள்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டாள். கிருஷாந்தன் பக்கத்தில் இருந்தான். மற்ற நாட்டாமிகள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

"அருளம்பலம் ஐயா, மெசின்ல நீங்க மூணு முப்பத்தொண்டுக்கு வெளிய போயிருக்கிறீங்க. திரும்பி உள்ள போன பதிவு இல்ல. அப்ப எப்படி உள்ள இருந்தீங்க?"

"நான் வெளியில போகேல்லை, மிஸ்."

"மெசின் போனீங்க எண்டு சொல்லுதே."

"மெசினுக்கு என்னைத் தெரியாது."

"விளங்கல்ல. ஒங்கட விரல் பதிவு இருக்கு. ஒவ்வொரு நாளும் சரியா இருக்கு. மூணு மாசமா ஒரு பிழையும் இல்ல. ஒங்கட விரல் இல்லாம யாருட விரல்?"

அருளம்பலம் வாயைத் திறந்தார். வெளியே நிற்கிறவனை நினைத்து மூடினார். கிருஷாந்தன் தரையைப் பார்த்தான்.

"சொல்லாட்டி நான் மெசின் சொல்றதத்தான் எழுத வேணும்" என்றாள் ஷிஃபானா.

"என்ட விரல்."

ஹஸன் உள்ளே வந்திருந்தான். நாட்டாமி நுழையக் கூடாத அறை அது. மேசையில் வலக்கையை விரித்து வைத்தான், மீன்கடையில் மீனை வைக்கிற மாதிரி.

"ஹஸன், வெளியில நில்லும்!" என்று கிருஷாந்தன் எழும்பினான்.

"நிண்டுதான் இரிக்கன் சேர், மூணு மாசமா ஆறு பேருக்காக நிக்கன்." அவன் அருளம்பலத்தைப் பார்த்தான். "ஒங்கட வாயால என்னக் காட்டிக்குடுக்க ஏலாம நீங்க வேகுறீங்க. நீங்க ஏன் அண்ண வேக வேணும்? மிஸ், மெசினடிக்கு வாங்க."

எல்லோரும் களஞ்சியக் கதவடிக்குப் போனார்கள். ஹஸன் பெருவிரலை வைத்தான். "நன்றி, ஹஸன்" என்றது மெசின். மோதிரவிரலை வைத்தான்.

"நன்றி, அருளம்பலம்."

சின்னவிரலை வைத்தான்.

"நன்றி, ஜெமீல்."

"எனக்கு இப்பதான் நன்றி சொல்றாள்" என்று பின்னால் நின்ற ஜெமீல் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஷிஃபானாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. மற்ற விரல்களை வைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"தொண்ணூற்றெட்டு போட்டது நான்" என்றாள் மெதுவாக. "பத்திரத்தில கையெழுத்தும் என்டதுதான்."

"மிஸ், இது நடைமுறையில..." என்று கிருஷாந்தன் தொடங்கினான்.

அப்போதுதான் அருளம்பலம் கத்தத் தொடங்கினார். ஆறு நாள் அடக்கியது, மூன்று மாதம் அடக்கியது, நீல மை துடைத்த காலத்திலிருந்தே அடக்கியது, எல்லாம் சேர்ந்து வந்தது.

"என்ன நடைமுறை? விரல் எடுபடேல்லை, விரல் எடுபடேல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனாங்கள்? ஒரு ஆள் வந்து இந்தக் கையைப் பாத்ததோ? இல்லை! எங்கட பேரைப் பலகையில தொங்கவிட்டீங்கள். இலக்கம் கூட வேணும் எண்டு கொழும்பு கேட்டுது, கூட்டித் தந்தம். நாங்களும்தான் பிழை, நானும் இளிச்சுக்கொண்டு நிண்டனான், அதையும் எழுதுங்கோ. ஆனா மிஸ், நீங்கள் கொழும்பில இருந்து கதவை அளந்தீங்கள். உள்ளுக்கை ஒரு மனிசன் மூச்சுக்குத் தவிக்கேக்கையும் அளந்தீங்கள். பத்தொன்பது எண்டு அளந்தீங்கள்! அந்தப் பத்தொன்பதும் அங்க தெரிஞ்சுதுதானே? ஒருத்தருக்கும் ஒரு போன் எடுத்து, அங்க ஆர் கதவைத் தட்டுறது எண்டு கேக்கத் தோணேல்லையோ?"

எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள் என்று ஷிஃபானா அவரிடம் கேட்டாள். அதற்காக அவர் கோபம் ஒரு குண்டுமணியும் குறையவில்லை.

அன்று பின்னேரம் நடந்ததையெல்லாம் தன் கையாலேயே இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தன் பிழையையும் எழுதினார். ஹஸன் சொன்னதையும் சொன்னபடி எழுதினார்: தலையை எண்ணாமல் விரலை எண்ணினோம்.

முடிவு ஆடியில் வந்தது. கிருஷாந்தனைக் கொழும்புக்கு மாற்றினார்கள், பயிற்சிக்கு என்று பெயர். ஹஸனுக்கு இரண்டு மாதம் வேலை இடைநிறுத்தம். மற்ற ஐந்து பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். விரல் எடுபடாதவர்களுக்குப் படம் போட்ட அட்டை கொடுத்தார்கள். தை மாதமே கொடுத்திருக்கலாம். அந்த மாதத்துப் புள்ளி நாற்பத்து மூன்று, நாலு ஊரிலும் கடைசி என்று பலகையில் ஒட்டினார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி, சும்மா நின்றவனுக்கும் மூச்சுத் திணறினவனுக்கும் வித்தியாசமில்லை.

"களப்புல றால் பிடிக்கன் அண்ண" என்றான் ஹஸன் போனில். "றாலுக்கு மெசின் இல்ல. நீங்க என்னப் பத்தி நெனச்சு வேலையக் கெடுத்துக்காதீங்க."

ஆவணியில் மறுபடியும் புகைமருந்து வந்தது. இந்த முறை கப்பல் இரண்டு சேர்ந்து வந்ததால் நாட்கூலிக்குப் பிடித்த வெளிக் கொந்தராத்து ஆட்கள் எட்டுப் பேர் உள்ளே மூட்டை அடுக்கினார்கள். அவர்களுக்குத் தற்காலிக அட்டை எட்டு. அந்த எட்டையும் அவர்களின் கங்காணி சட்டைப்பையில் கட்டாக வைத்திருந்ததை அருளம்பலம் காலையிலேயே கண்டார். பின்னேரம் அவன் சீட்டுக்கட்டு விரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக மெசினில் காட்டினான். திரையில் பூச்சியம் வந்தது. புது மனேஜர் லதீசன் மருந்துக்காரர்களுக்குக் கையசைத்தான்.

"பொறுங்கோ" என்றார் அருளம்பலம். "நான் ஒருக்கா உள்ளுக்கை பாத்திட்டு வாறன்."

"தேவையில்லை அண்ணை. பூச்சியம் வந்திட்டுது. பூச்சியம் வந்தாப் பிறகு ஒருத்தரும் உள்ள போக ஏலாது, அதுதான் விதி."

"விதி எனக்குத் தெரியும். உந்த எட்டுப் பேரும் எங்க நிக்கினம்?"

லதீசன் திரும்பிப் பார்த்தான். லொறிக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். தேத்தண்ணிக் கடைப் பக்கம் இரண்டு பேரோ மூன்று பேரோ தெரிந்தார்கள். கங்காணி, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றான். எத்தனை பேர் என்று கேட்டால் விரலை மடித்தான்.

அருளம்பலம் பாதி இறங்கிய உருட்டுக்கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். அட்டையைக் காட்டவில்லை. பின்னால் மெசின் அலறத் தொடங்கியது. லதீசனும் கத்தினான். அவர் பதினாலு அடுக்கையும் ஒவ்வொன்றாகச் சுற்றினார். ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தார். "ஆராவது இருக்கிறியளோ? சத்தம் தாங்கோடா!" கடைசியாக, அன்று மூட்டை தைத்த சுவரோரம் வந்தார். அந்த மூலையையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

வெளியே வந்து முதுகை நிமிர்த்தினார். மருந்துக்காரர்கள் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். லதீசன் கோபத்தில் சிவந்திருந்தான்.

"ஆரும் இருந்தவையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் போனனீங்கள்?"

"இல்லை எண்டு இப்பதானே தெரியும்."

"இது மீறல், அண்ணை. இந்த மாசத்து முதலாவது மீறல். நான் எழுதத்தான் வேணும், விட ஏலாது."

"ஆர் விடச் சொன்னது? எழுது." அருளம்பலம் மேசையடிக்குப் போய்ப் பேனை தன் பெயரில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது எழுத்தைத் தாண்டியதும் மேசையில் ஒரு அடி அடித்தார். "பிழையா எழுதாத. பள்ளியில வாற ள, பல்லியில வாற ல இல்லை. வெட்டிப்போட்டுத் திருப்பி எழுது."